ஹெர்னியா ஆபரேஷன்: எந்த முறையில் வலி குறைவு?

தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கு (குடலிறக்கத்துக்கு) ஆபரேஷன் என்று முடிவானதும் முதலில் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்லும் முன் வலியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் வாரத்து வலி வேறு, மூன்று மாதம் கழிந்தும் விடாத வலி வேறு. முதலாவது எப்படியும் போய்விடும். நான் பயப்படுவது இரண்டாவதுக்கு.

வலை (பலவீனமான தசையைத் தாங்கும் செயற்கைத் துணி) வைக்காமல் தசையை இழுத்துச் சேர்த்துத் தைப்பது பழைய முறை. 1880களில் இத்தாலியரான பாசினி தொடங்கி வைத்தது. தைத்த இடம் விறைத்து நிற்பதால் இருமினாலே வலியில் உயிர் போகும். இதன் மேம்பட்ட வடிவம் ஷோல்டைஸ் முறை. அதில் நல்ல பலன் உண்டு, ஆனால் கைதேர்ந்தவர் கிடைப்பது கஷ்டம்.

லிக்டென்ஸ்டைன் முறையில், திறந்து, இழுவையே இல்லாமல் வலையைப் பொருத்துகிறார்கள். இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்துவிடலாம். முழு மயக்கம் ஒத்துக்கொள்ளாத இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு இது பெரிய வசதி. சங்கடம் நரம்புகளில் இருக்கிறது. இந்த இடத்தை ஒட்டி மூன்று நரம்புகள் ஓடுகின்றன. ஏதாவது ஒன்று தையலிலோ தழும்பிலோ சிக்கினால் எரிச்சல், மரத்துப்போதல், சுரீரென்று இழுக்கும் வலி என்று மாதக்கணக்கில் படுத்தும்.

லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்வது) வலை தசைக்குப் பின்புறம் போகிறது. முதல் நாட்களின் வலியிலும் வேலைக்குத் திரும்பும் வேகத்திலும் இது தெளிவாக முந்துகிறது. நீடித்த வலியும் குறைவுதான். வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம் (ஆபரேஷன் வயிற்றில், வலி தோளில் என்று பலர் பதறுவார்கள்). பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. வலையை ஆணி மாதிரியான பிடிப்பான்களால் தவறான இடத்தில் அடித்தால் இங்கேயும் நரம்பு அடிபடும்; பசையால் ஒட்டலாம், சிறிய ஹெர்னியா என்றால் வலையை எதனாலும் பிடிக்கவைக்காமலே விடலாம்.

ரோபோ? அதனால் வலி குறைகிறது என்று லேப்ராஸ்கோபியோடு ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டவில்லை. காசு மட்டும் கூடுதல்.

2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பொருட்படுத்தத்தக்க நீடித்த வலி மொத்தத்தில் 10 முதல் 12 சதவீதம் பேருக்கு வருவதாகவும், நாளாக நாளாக அது குறைவதாகவும் சொல்கிறது. இளம் வயதினர், பெண்கள், ஆபரேஷனுக்கு முன்பே கடும் வலி இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

மயக்கம் கொடுக்கத் தடையில்லை, மருத்துவரும் அடிக்கடி செய்பவர் என்றால் என் ஓட்டு லேப்ராஸ்கோபிக்கு. அப்படிப்பட்டவர் இல்லையென்றால், நரம்புகளைத் தேடிப் பார்த்துக் காப்பாற்றும் ஒருவரிடம் திறந்த முறையே மேல். எந்த முறையை அதிகம் செய்கிறீர்கள், வலையை எதனால் பிடிக்கவைப்பீர்கள் என்ற இரண்டையும் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.