டெல்ஃபிஸோடு ஐந்து வருஷம்

எஃப்.சி.சி. என்ற அடுத்த பெரிய துகள் மோதும் இயந்திரம் வரட்டும் என்று காத்திருந்தால் என் பிஹெச்.டி. முடிந்தமாதிரிதான். ஜெனிவா பக்கம் சுமார் 91 கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சுரங்கம் வேண்டும், இன்னும் தோண்டவே ஆரம்பிக்கவில்லை. அதனால் மோதலில் சிதறும் துகள்களைப் பதிவுசெய்யும் டிடெக்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து வருஷமாக என் லேப்டாப்பில் ஓடுவது டெல்ஃபிஸ். டிடெக்டர் என்ன பதிவுசெய்யும் என்று போலியாகச் செய்து காட்டும், பெல்ஜியத்தில் பிறந்த இலவச சாஃப்ட்வேர்.

வேகத்துக்கு முழு மார்க். ஜீன்ட்4 என்ற விரிவான சிமுலேஷன் சாஃப்ட்வேர் ஒவ்வொரு துகளையும் உலோகத்துக்குள் பின்தொடர்ந்து போகும். டெல்ஃபிஸ் அந்த வம்புக்கே போகாமல், கார்டு ஃபைலில் (டிடெக்டர் எப்படிப்பட்டது என்று நாம் எழுதிக்கொடுக்கும் ஃபைல்) எழுதிய அளவுக்கு உந்தத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு அடுத்த மோதலுக்குப் போய்விடும். ராத்திரி ஓட விட்டால் காலையில் லட்சக்கணக்கில் மோதல்கள் ரெடி.

நான் அதிகம் பார்த்தது ஹிக்ஸ், இசட் என்ற இரண்டு துகள்களுக்கும் உள்ள பிணைப்பை. 240 ஜிஇவியில் (துகள் உலகில் ஆற்றலுக்கும் நிறைக்கும் இதுதான் அலகு) எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதினால் இரண்டும் சேர்ந்து பிறக்கும். இசட் இரண்டு மியூவானாக (எலக்ட்ரானின் கனமான உறவு) உடைந்தால் அவற்றை மட்டும் அளந்து, மோதலின் மொத்தக் கணக்கிலிருந்து கழித்தால் போதும். மிச்ச நிறை 125 ஜிஇவியில் வந்து நிற்கும். ஹிக்ஸ் என்னவாக உடைந்தது என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம். புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி.யில் இந்த வித்தை பலிக்காது, உள்ளே மோதும் குவார்க்கின் ஆற்றல் முன்கூட்டியே தெரியாதே.

அந்த மிச்ச நிறையை முதல்முறை வரைந்தபோது சிகரம் ஊசிமாதிரி நின்றது. பெருமையாகக் காட்டினேன். கைடு ஒரே கேள்விதான் கேட்டார்: "வலப்பக்க வால் எங்கேப்பா?" மோதுவதற்கு முன் எலக்ட்ரான் உமிழும் போட்டானை நான் சேர்க்கவே இல்லை; அது ஆற்றலில் கொஞ்சம் கொண்டுபோவதால்தான் சிகரம் வலப்பக்கம் வாலாக நீளும். டெல்ஃபிஸ் மேல் தப்பில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு அமைதியாக அழகான படம் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து.

எனக்குள்ள பெரிய குறை, பி-ஜெட் அடையாளம்: ஒரு துகள் கூட்டம் பி குவார்க்கிலிருந்து வந்ததா என்று சொல்வது. டெல்ஃபிஸின் பழைய மாட்யூல் துகள்களின் தடங்களைப் பார்ப்பதே இல்லை. உண்மையான குவார்க் எது என்று அதற்குத் தெரியும். நீங்கள் 80 சதவீதம் என்று எழுதினால் காசு சுண்டிப் பார்த்து அந்தக் கணக்குக்கு முத்திரை குத்தும். ஹிக்ஸுக்கும் சார்ம் என்ற இன்னொரு வகைக் குவார்க்குக்கும் உள்ள பிணைப்பை இவ்வளவு துல்லியமாக அளக்கலாம் என்று பேப்பரில் எழுதும்போது, அதில் பாதி நானே கார்டில் எழுதிய எண்தான் என்பது உறுத்தும். எஃப்.சி.சி.க்காகத் திட்டமிட்டிருக்கும் ஐடியா என்ற டிடெக்டரின் கார்டில் தடத்தின் பிழையை அடுக்குகளின் வடிவத்திலிருந்தும் பொருளிலிருந்தும் கணக்கிடுகிறார்கள், அது எவ்வளவோ தேவலை.

புதிதாகத் தொடங்குபவர்கள் கார்டின் கடைசியில், முடிவுகளை ஃபைலில் எழுதும் ட்ரீரைட்டர் பகுதிக்குப் போய், எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் பிராஞ்ச் வரிகளில் தேவையில்லாதவற்றுக்கு முன்னால் ஒரு # போட்டுவிடுங்கள். நான் போடாமல் இரண்டு தடவை டிஸ்க்கை நிரப்பினேன்.