போர் வேண்டாம் என்றவர்கள்: மூன்று ஃபேண்டஸி பேரங்கள்

ஃபேண்டஸி நாவல் என்றாலே கடைசி அத்தியாயங்கள் போர்க்களம் என்று ஆகிவிட்டது. பேசித் தீர்க்கப் பார்த்த கதைகளும் இருக்கின்றன. மூன்றை எடுத்துக்கொள்கிறேன். என் ஓட்டு ஜெயித்தவர்களுக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லே குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968) நாவலில் கெட் என்ற இளம் மந்திரவாதி தனியாகப் படகேறி பெண்டர் தீவு டிராகனிடம் போகிறான். குட்டிகள் சிலவற்றைக் கொன்ற பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. டிராகனின் உண்மைப் பெயர் யெவாட் என்று பழைய கதைகளிலிருந்து ஊகித்து வைத்திருக்கிறான். அந்த உலகத்தில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் பிடி தெரிந்தவன் கையில். கெட்டைத் துரத்தும் நிழல் வடிவத் தீய சக்தியின் பெயரைச் சொல்வதாக டிராகன் ஆசை காட்டுகிறது. கெட் மசியவில்லை. நீயும் உன் பிள்ளைகளும் தீவுக்கூட்டத்துப் பக்கமே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். அருமையான காட்சிதான், ஆனால் இதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுத்தமான மிரட்டல்.

பிராட்செட்டின் 'ஜிங்கோ' (1997) வேறு ரகம். கடலில் திடீரென்று எழும்பிய லெஷ்ப் தீவுக்காக ஆங்க்-மார்போர்க் நகரமும் கிளாட்ச் நாடும் மோதுகின்றன. ஆங்க்-மார்போர்க்கை ஆளும் வெட்டினாரி சரணடைகிறார். தீவைக் கொடுக்கிறேன், ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்திடலாம் என்கிறார். தீவு மறுபடி மூழ்கப்போவது அவருக்குத் தெரியும்! சிரிக்க வைப்பதில் இதற்குத்தான் முதலிடம். ஆனால் எந்த எல்லைத் தகராறில் நிலம் தானாகக் காணாமல் போகிறது?

டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) கதையில்தான் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மலைப் புதையல் குள்ளர்களின் தலைவன் தோரினின் முன்னோர் சொத்து. பங்கு கேட்டு வெளியே நிற்கும் பார்ட், அதைக் காத்துக் கிடந்த டிராகனைக் கொன்றவன். அவன் ஊரோ அந்த டிராகனால் எரிந்துபோனது. தோரின் எதுவும் தர மறுக்க, அவன் கூட்டத்தைச் சேர்ந்த ஹாபிட் பில்போவே இரவோடு இரவாக, தோரின் உயிராய் நினைக்கும் ஆர்க்கென்ஸ்டோன் என்ற ரத்தினக் கல்லைக் கொண்டுபோய் எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிடுகிறான். பேரம் பேச ஒரு பிடி வேண்டுமே! தன் பங்கு போகும், துரோகி என்ற பட்டமும் வரும் என்று தெரிந்தே செய்கிறான். மற்ற இருவரும் இப்படிச் சொந்தக் கூட்டத்தின் கோபத்துக்கு நடுவில் நின்று பேசவில்லை.

கல்லை மீட்கப் பதினான்கில் ஒரு பங்கு தருகிறேன் என்று தோரின் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொள்கிறான். அப்புறம் தோரினின் உறவினன் டெய்ன் படையோடு வர, பேச்சு முறிகிறது. அடிதடி ஆரம்பிக்கும் நேரத்தில் பொது எதிரிகளான காப்ளின் என்ற கொடிய பிராணிகள் வந்து எல்லோரையும் ஒரே அணியாக்கிவிடுகின்றன. ஆசிரியர் இங்கே கொஞ்சம் ஏமாற்றிவிட்டார் என்பேன். ஆனால் தோரின் செத்த பிறகு அரசனாகும் டெய்ன், இறந்தவரின் வாக்கைக் காப்போம் என்று பார்டுக்குக் கொடுப்பது அதே பதினான்கில் ஒரு பங்குதான்.