எச்சரிக்கை: படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கலர் கண்ணாடி விற்கிறார்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வாங்கிய இடத்துக்கு இன்று காலை போன் செய்தபோது, "மேடம், லென்ஸ் கஸ்டமைஸ்டு ஐட்டம், ரீஃபண்ட் எல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டு போனை எடுத்த பெண் பாதியிலேயே லைனைத் துண்டித்துவிட்டாள். போனது 28,500 ரூபாய். பெயர் போட வேண்டாம், வம்பு வரும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரி, போடவில்லை. பிள்ளைகளின் பார்வையையும் வாசிப்பையும் சேர்த்துச் சோதிக்கிறோம் என்று போர்டு வைத்திருக்கும் ஒரு தனியார் மையம், சென்னையில். வெளியே பார்த்தால் கண்ணாடிக் கடை, உள்ளே போனால் ப்ளே ஸ்கூல் மாதிரி இருக்கும்.

என் பையன் நாலாவது படிக்கிறான். கணக்கை மனசிலேயே போட்டுவிடுவான். ஒரு கதையை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான். வாசிக்கச் சொன்னால்தான் திணறல். 'கொக்கு' என்று இருந்தால் கொம்பில் ஒரு நிமிஷம், காலில் ஒரு நிமிஷம் நின்று, கடைசியில் பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்து 'பறவை' என்பான். இதோடு இன்னொன்றும் உண்டு. வெயிலில் இறங்கினால் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். இரண்டையும் சொன்னதுமே அங்கே உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார். "கரெக்டான இடத்துக்கு வந்திருக்கீங்கம்மா. ரெண்டும் ஒரே பிரச்சினைதான். ஸ்கோடோபிக் சென்சிடிவிட்டி. வெளிச்சத்துல சில நிறம் பையனோட மூளைக்கு ஒத்துக்கல. அதை ஃபில்டர் பண்ணிட்டா எழுத்து ஆடாம நிக்கும்."

இத்தனை நாள் எல்லோரும் சோம்பேறி, கவனமில்லை, செல்போன் பார்த்துக் கெட்டுப்போச்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் "பையன் மேல தப்பே இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எந்தத் தாயும் கரைந்துதான் போவாள். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சோதனை எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள், கையில் ஸ்டாப்வாட்ச். வழக்கம்போலத் திணறினான். அப்புறம் கேள்விகள்: "எழுத்து ஆடுதா கண்ணா? குதிக்குதா? வரிக்கு நடுவுல வெள்ளையா ஆறு மாதிரி ஓடுதா? பக்கம் பளிச்சுனு கண்ணைக் குத்துதா?" ஒன்பது வயசுப் பிள்ளை, எதிரே வெள்ளைக் கோட்டு போட்ட பெரியவர், என்ன சொல்வான்? எல்லாவற்றுக்கும் ஆமாம். பிறகு கலர் கலரான பிளாஸ்டிக் தாள்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, நீலப்பச்சையில் வந்து நின்றார்கள். அதைப் பத்தியின்மேல் வைத்து மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். முன்னைவிட வேகமாக வாசித்தான்! ஸ்டாப்வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு தடவையும் அதே பத்தி. அதே வரிகள். இரண்டாம் முறை யார் வாசித்தாலும் வேகமாகத்தான் வரும், மேலே கலர் தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சோதனைக்கு 3,500, கண்ணாடிக்கு 25,000. மொத்தம் 28,500 ரூபாயையும் அன்றைக்கே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். "இந்த ரிப்போர்ட்டைக் காட்டினா பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரம் கிடைக்கும்" என்று ஒரு வாக்குறுதி வேறு. ரசீதில் வெறும் 'கன்சல்டேஷன்' என்று இருந்தது. கண்ணாடி என்ற பேச்சே இல்லை.

கண்ணாடி வந்தது, போட்டான். முதல் வாரம் புதுப் பொருள் மகிழ்ச்சி. அப்புறம் பழைய கொம்பு, பழைய திணறல். வகுப்பில் 'கூலிங் கிளாஸ்' என்று பட்டப்பெயர் வைத்ததுதான் மிச்சம். போன் செய்தால், "மூளை அட்ஜஸ்ட் ஆக டைம் எடுக்கும்மா." அடுத்த தடவை, "நாள் முழுக்கப் போடறானா? நீங்கதான் கவனிக்கணும்." அதற்கும் அடுத்து, "நிறம் மாறியிருக்கும், ரீ-டெஸ்ட் பண்ணணும்." அதற்கு இன்னொரு 3,500! சார் எங்கே என்று கேட்டால் சார் எப்போதும் மீட்டிங்கில். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது.

இதற்கிடையில் பள்ளி டீச்சர் சொல்லி ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் (கற்றலில் தடங்கல் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்) போனோம். அவர் புத்தகத்தையே எடுக்கவில்லை. பையனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, "கடல்ங்கற வார்த்தையில 'க'வை எடுத்துட்டா மிச்சம் என்ன?" என்றார். யோசித்து யோசித்து, "தண்ணி" என்றான். "இப்ப கண்ணு மூடித்தான் இருக்கு, எழுத்தே இல்ல. இதுல கண்ணாடிக்கு என்னம்மா வேலை?" என்று என்னைப் பார்த்தார். டிஸ்லெக்சியா என்கிற இந்த வாசிப்புக் குறைபாடு கண்ணில் இல்லை. சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பதிலும், ஒலியோடு எழுத்தைச் சேர்ப்பதிலும்தான் தடங்கல். அதை முறையாக, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வெயிலில் கண்ணை மூடுவது தனிக் கதை. கண் டாக்டர் தூரத்தில் பார்க்கச் சொல்லி ஒரு கண்ணை மறைத்து, பிறகு மறைப்பை எடுத்தார். மறைத்த கண் வெளிப்பக்கம் விலகி, பிறகு மெதுவாக உள்ளே திரும்பியது. நானே பார்த்தேன். அவ்வப்போது வந்து போகும் ஒருவகை மாறுகண். இது இருக்கிற பிள்ளைகள் பளிச்சென்ற வெயிலில் ஒரு கண்ணை மூடுவது சகஜமாம். சொட்டு மருந்து விட்டுப் பவரும் பார்த்தார். இப்போது கண்காணிப்பில் இருக்கிறான். ஆக, ஒன்று என்று சொன்னது உண்மையில் இரண்டு. இரண்டில் எதையும் அந்த மையத்தில் பார்க்கவே இல்லை. கண்ணை மறைத்து எடுக்கும் அந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இந்தக் கலர் கண்ணாடிக் கதை புதிதும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஹெலன் இர்லென் என்பவர் 1980களில் கிளப்பியது. அவர்கள் சொன்ன ஸ்கோடோபிக் சென்சிடிவிட்டியைத்தான் இர்லென் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். 2009ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் சேர்ந்து, கற்றல் குறைபாட்டுக்குக் கலர் லென்சோ கண் பயிற்சியோ உதவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அறிக்கையே கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் படிக்கத் திணறும் 61 பிள்ளைகளை வைத்துச் செய்து 2011ல் வெளியான ஆய்வில், 47 பேருக்கு இந்தப் 'பிரச்சினை' இருப்பதாக அந்த முறையில் பயிற்சி பெற்றவர் சொல்லிவிட்டார். ஆனால் அவரவருக்கு என்று தேர்ந்தெடுத்த கலர் தாளை வைத்தாலும், வேறு கலரை வைத்தாலும், நிறமே இல்லாத தாளை வைத்தாலும் வாசிப்பில் வித்தியாசமில்லை. இதையெல்லாம் அந்தப் பளபள நோட்டீசில் எவன் போடுவான்?

பரீட்சைச் சலுகையும் பொய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (டிஸ்லெக்சியாவும் இதில் அடக்கம்) இருக்கிறது, அதற்கு அரசு மருத்துவர்கள் வழியாகச் சான்று வாங்க வேண்டும். கடைக்காரர் ரிப்போர்ட் செல்லாது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பையன் ஸ்கூல் விட்டு வந்துவிட்டான். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கண் டாக்டரிடம் போங்கள், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாசிப்புக்குத் தனியாக ஸ்பெஷல் எஜுகேட்டர். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991லிருந்து இருக்கிறது. சோதிக்கிறவரே கண்ணாடியும் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே பத்தியை இரண்டு தடவை வாசிக்க வைத்தால் "வேற பத்தி கொடுங்க" என்று கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். ரசீதில் பொருளின் பெயர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் 28,500க்கும் போடப் போகிறேன். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இதே மாதிரி நீலப்பச்சைக் கண்ணாடி உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்பாக்சில் வாருங்கள், சேர்ந்தே போடலாம்.