யுபிசிஎஸ், என்ஸ்பயர்: பல கட்டிட வளாகத்துக்கு மதிப்பெண் போடும் இரு வழிகள்

அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹெச்யுடி, பொதுக் குடியிருப்புகளைச் சோதித்து மதிப்பெண் போட, பழைய யுபிசிஎஸ் முறைக்குப் பதிலாக 2023 ஜூலையில் என்ஸ்பயர் முறையைக் கொண்டுவந்தது. இரண்டிலும் 100-க்கு 60-க்குக் கீழே போனால் தோல்விதான், கணக்குதான் வேறு.

பழைய யுபிசிஎஸ்ஸில் வெளிவளாகம் 15, கட்டிட வெளிப்புறம் 15, கட்டிட அமைப்புகள் (மின்சாரம், தண்ணீர் போன்றவை) 20, பொது இடங்கள் 15, வீடுகள் 35 என்று பங்கு பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனி மதிப்பெண். வீட்டு எண்ணிக்கையை வைத்து எடையிட்டுச் சராசரி. அதனால் 40 வீட்டுக் கட்டிடத்தில் கூரை ஒழுகினால் பெரிய அடி, 4 வீட்டுக் கட்டிடத்தில் அதே ஒழுகல் கீறல் மாதிரி.

என்ஸ்பயர் எந்தக் கட்டிடம் என்று பார்ப்பதில்லை. வீடு, உள்ளே (கட்டிடத்துக்குள் வீடுகள் தவிர்த்த இடங்கள்), வெளியே என மூன்றே பகுதிகள். குறைகளின் புள்ளிகளைக் கூட்டி, சோதித்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, 100-லிருந்து கழிப்பார்கள். உயிராபத்துக் குறைக்கு வீட்டுக்குள் 60, உள்ளே 54.5, வெளியே 49.6. வீட்டுக்குள் ஒரு எரிவாயுக் கசிவு என்றால் 20 வீடு சோதித்த இடத்தில் 3 மதிப்பெண் போகும். 5 வீடு சோதித்த இடத்தில் 12. சின்ன வளாகத்துக்காரர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. வீட்டுப் பகுதியில் மட்டும் 30 அல்லது அதற்கு மேல் கழிந்தால், மொத்தம் 60-ஐத் தாண்டினாலும் தோல்வி. அந்த 5 வீட்டுக் கணக்கில் மூன்று கசிவு: 36 கழிந்து 64 நிற்கும், ஆனாலும் தேறாது.

என்ஸ்பயரில் புகை அலாரக் குறைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. 24 மணி நேரத்தில் சரிசெய்தாக வேண்டும்.