ஆகஸ்டில் விழுந்த விற்பனை: லுக்கர் ஸ்டுடியோவில் என் மூன்று ஆண்டு

மார்த்தாண்டத்தில் எங்களுக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் தொழில். பில் விவரமெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏறும். அதை, ஷீட்டில் உள்ளதை வரைபடமாகக் காட்டும் கூகுளின் லுக்கர் ஸ்டுடியோவில் இணைத்து 2023 முதல் ரிப்போர்ட் பார்த்து வருகிறேன். முன்பு டேட்டா ஸ்டுடியோ என்றிருந்தது. 2022 அக்டோபரில் பெயர் மாறியது. இலவசப் பதிப்பே எங்களுக்குப் போதும்.

இதில் டைமென்ஷன் பச்சையாகவும் மெட்ரிக் நீலமாகவும் தெரியும். எவ்வளவு என்றால் மெட்ரிக்: கிலோ, ரூபாய். அதையே எது, எங்கே, எப்போது, யாருக்கு என்று பிரித்துக் காட்டுவது டைமென்ஷன். கேட்க எளிது. எனக்கு அது உறைத்தது 2024-இல்தான்.

அந்த ஆகஸ்ட் முடிந்து பார்த்தால், முந்தைய ஆகஸ்டில் பாதிகூட விற்கவில்லை. தேங்காய் எண்ணெய் வாங்கும் இடத்தை மாற்றியிருந்தோம், அதனால் ருசி கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பில் போடும் மைனி (அண்ணி) திரையைப் பார்த்துவிட்டு, "ஓணம் இந்த வருசம் எப்பம் எண்ணு பாத்தியா?" என்று கேட்டார். 2023-இல் திருவோணம் ஆகஸ்ட் 29. 2024-இல் செப்டம்பர் 15. எங்கள் சரக்கில் பெரும்பகுதி களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போவது. நான் ஓணச் சந்தை நடந்த மாதத்தை, நடக்காத மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறேன்.

ஷீட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: பில் தேதியிலிருந்து அந்த ஆண்டுத் திருவோணத்துக்கு எத்தனை நாள். மாதத்துக்குப் பதில் அதை டைமென்ஷனாக வைத்ததும் இரண்டு ஆண்டுக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாளுக்கு முந்தைய வாரமே ஆர்டர் ஏறத் தொடங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆனாலும் 2024-இன் கோடு கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது. மாநிலம் என்ற டைமென்ஷனையும் சேர்த்தேன். தமிழ்நாட்டு விற்பனை அப்படியே இருக்கிறது, குறைவு முழுக்கக் கேரளத்தில். வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு அங்கே அரசு ஓண வார விழாவை ரத்து செய்திருந்த ஆண்டு அது. குறைவு எங்கே என்று டைமென்ஷன் காட்டியது. ஏன் என்பது அந்த ஊர்க் கடைக்காரர்களிடம் பேசித்தான் தெரிந்தது.

அப்புறம் ஒன்று: எண்ணாக இருப்பதெல்லாம் மெட்ரிக் அல்ல. 629-இல் தொடங்கும் எங்கள் பின்கோடுகளை டெக்ஸ்ட் என்று மாற்றாமல் விட்டதால், அத்தனையும் கூட்டி ஒரு பெரிய தொகை வந்து நின்றது. 200 கிராம், 500 கிராம் பாக்கெட் அளவிலும் இதே கதைதான். ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒரே ஊர் மூன்று வரியாகப் பிரியும்; டிராப்-டவுன் வைத்ததும் சரியாகிவிட்டது.

2025-இல் ஓணம் செப்டம்பர் 5. ஏத்தன்குலைக்கு அட்வான்ஸ் கொடுத்த நாள்களை அந்த நாள் கணக்கை வைத்தே முடிவு செய்தோம். மைனி அதைப் பிரிண்ட் எடுத்து, கடாய்ச் சூடு படாத பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.