லுவார் நதிக்கரை சைக்கிள் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோடை வந்தால் போதும், பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் 'கோட்டைக்குக் கோட்டை சைக்கிள் பயணம்' விற்கும் சின்ன ஏற்பாட்டாளர்கள் இணையத்தில் முளைத்துவிடுகிறார்கள். சைக்கிள், தங்குமிடம், பெட்டிகளை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கோட்டை நுழைவுச்சீட்டு என்று எல்லாமே ஒரே விலையில். அப்படி ஒருவரிடம் போன ஜூலையில் எங்கள் குடும்பம் பணம் கட்டி ஏமாந்தது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஐபிள் கோபுரம் தாண்டி எங்காவது அழைத்துப் போகலாமே என்று யோசிக்கிற பாரிஸ் தமிழர்கள் நிறைய இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

காகிதத்தில் திட்டம் அழகாகத்தான் இருந்தது. ரயிலில் புளுவா போய், அங்கே சைக்கிளை வாங்கிக்கொண்டு ஷாம்போர். பிறகு லுவார் கரையோடு ஷோமோன், அம்புவாஸ். அங்கிருந்து தெற்கே ஷெனொன்சோ, கடைசியில் தூர் நகரம். எல்லாருக்கும் மின்சார சைக்கிள் என்று எழுதியிருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த தங்கையும் மாப்பிள்ளையும் சைக்கிளைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. மின்சாரம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

புளுவா ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய பையன் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சைக்கிளுக்கு 300 யூரோ வீதம் என் கார்டில் டெபாசிட் பிடித்துவைத்தான். 'வண்டியின் நிலை' என்ற கட்டம் காலியாக இருந்தது. கேட்டதற்கு, அதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டான். நல்ல வேளையாக என் மகள் வழக்கம்போல எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சக்கரம், பிரேக், கீறல் எல்லாம் தேதி நேரத்தோடு அவள் போனில் இருந்தன.

ஷாம்போர் கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. சுற்றியுள்ள காட்டுக்கே 32 கிலோமீட்டர் மதில் கட்டியிருக்கிறார்கள் என்றால் உள்ளே இருப்பதைக் கேட்க வேண்டுமா? 1519இல் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கியது. 282 கணப்பு அடுப்புகள். நடுவில் ஒன்றையொன்று தழுவிச் சுற்றும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்க, ஜன்னல் வழியே முகம் பார்த்துக்கொள்ளலாம், எதிரெதிரே மோதிக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவையும் கட்டிய ராஜா மொத்தமாகச் சில வாரங்கள்தான் அங்கே தங்கினாராம். மாப்பிள்ளை மாடியைவிட்டு இறங்கவே மனசில்லாமல் நின்றார்.

திரும்பும் வழியில், காட்டுப் பாதையில், அவருடைய சைக்கிளின் பேட்டரி செத்தது. காலையில் 'முழு சார்ஜ்' காட்டிய அதே பேட்டரி. மின்சார சைக்கிள் சாதாரணமாகவே இருபது கிலோவுக்கு மேல் எடை. மோட்டார் நின்றால் அதை மிதிப்பது அம்மிக்கல்லைக் கட்டி இழுப்பது மாதிரிதான். "மச்சான், இதுல மோட்டாருக்குச் சம்பளமா, எனக்கா?" என்று முதலில் சிரித்தார். அரை மணி நேரத்தில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தங்கையின் பின் பிரேக்கும் பிடிக்கவில்லை.

அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். "சைக்கிள் எங்களுடையது இல்லை, வாடகைக் கடையைக் கேளுங்கள்." வாடகைக் கடைக்குப் போட்டேன். "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். அப்புறம், இன்று சனிக்கிழமை, ஆறு மணிக்கு மூடுகிறோம்." மறுபடி அவசர எண்: குரல் பதிவு. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே அன்றைய ஊருக்கு வந்து சேர்ந்தால், பெட்டிகள் வரவில்லை. பெட்டி சுமக்கும் வேலையை இன்னொரு டாக்சிக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு நேற்றைய முகவரி போயிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல்தான் மாற்றுத்துணியே கிடைத்தது.

இங்கேதான் முக்கியமான விஷயம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவதைக் கேட்டு, சரி, அப்படித்தான் போல என்று நாம் அடங்கிவிடுவோம். பிரெஞ்சு சுற்றுலாச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தங்குமிடத்தோடு சைக்கிள் வாடகை மாதிரி வேறொரு சேவையையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது பேக்கேஜ். அதில் எந்தப் பகுதியை யாரிடம் கொடுத்து நடத்தினாலும், நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான். வாடகைக் கடைக்காரரோடு அவர் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிப் பேக்கேஜ் விற்பவர்கள் அத்தூ பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அவர்களுக்கு 'ஐஎம்' என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. பதிவு வேண்டுமென்றால் நிதி உத்தரவாதமும் காப்பீடும் காட்ட வேண்டும். அதாவது நிறுவனம் திவாலானால்கூடக் கட்டிய பணத்துக்கு ஒரு பிடி இருக்கும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எங்கள் ஆசாமியின் தளத்தில் பக்கத்தின் அடியில் ஒரு எண் இருந்தது. பதிவேட்டில் அந்த எண்ணும் இல்லை, அந்தப் பெயரும் இல்லை.

தங்குமிடத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அம்புவாஸில் நதிக்கரை என்றார்கள். கிடைத்தது ஊருக்கு வெளியே, ரவுண்டானா பக்கத்தில், பர்னிச்சர் கடைகளுக்கு நடுவே ஒரு ஓட்டல். திட்டத் தாளில், சைக்கிளில் வருபவர்களுக்கு ஏற்ற இடம் என்று காட்டும் 'அக்கெய் வெலோ' முத்திரை போட்டிருந்தார்கள். அந்த முத்திரை உண்மையில் உள்ள இடம் சைக்கிள் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பத்திரமாகப் பூட்டிவைக்க இடம் தர வேண்டும். எங்கள் சைக்கிள்கள் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றன. முத்திரை பெற்ற இடங்களின் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. ஓட்டல் பெயரை முன்கூட்டியே கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். பெயர் சொல்லாமல் 'அதே தரத்தில் ஒன்று' என்று இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஷெனொன்சோவில் இன்னொரு அவமானம். 'நுழைவு உட்பட' என்று அவர்கள் கொடுத்த வவுச்சரில் பார்கோடு கிடையாது, வெறும் லோகோவும் எங்கள் பெயரும்தான். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்து, இந்தப் பெயரில் எந்த முன்பதிவும் இல்லை என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட, எல்லாருக்கும் மறுபடி காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். உள்ளே போனதும் கோபம் பாதி போனது என்பதும் நிஜம். ஷேர் ஆற்றுக்கு மேலேயே 60 மீட்டர் நீளக் கூடம். முதல் உலகப் போரில் அது மருத்துவமனை. இரண்டாம் போரில் அந்த ஆறே ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பகுதிக்கும் அவர்கள் பிடிக்காத பகுதிக்கும் எல்லை, கூடத்தின் தெற்குக் கதவு அவர்கள் பிடிக்காத பக்கத்தில் திறந்தது. தங்கை அந்தக் கதவருகே ரொம்ப நேரம் நின்றாள்.

வீடு திரும்பிய வாரத்தில் டெபாசிட்டிலிருந்து 240 யூரோ எடுத்துவிட்டார்கள். காரணம்: கீறல், பிரேக் பழுது. தங்கையைக் கவிழ்த்திருக்க வேண்டிய அதே பிரேக்! மகளின் படங்களை இணைத்து, வரவு ஒப்புகையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. நுகர்வோர் துறையின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் போட்ட பிறகு அந்த 240 மட்டும் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. முன்பணம் கார்டில் போனதால் வங்கி தகராறு மனுவை ஏற்றுக்கொண்டது. மீதித் தொகையை வங்கிப் பரிமாற்றத்தில்தான் வாங்குவோம் என்று அவர்கள் அடம்பிடித்து வாங்கியது. அதற்கு வங்கி கைவிரித்துவிட்டது. கார்டு வேண்டாம், பரிமாற்றம்தான் என்று சொல்லும் ஏற்பாட்டாளரிடம் அந்த நிமிஷமே பேச்சை நிறுத்துங்கள். நுகர்வோருக்கு விற்கும் எவரும் ஒரு மத்தியஸ்தரின் பெயரைத் தளத்தில் தர வேண்டும், மத்தியஸ்தம் நமக்கு இலவசம். இவர்கள் தளத்தில் 'மத்தியஸ்தர்' என்ற தலைப்பு இருக்கிறது, கீழே வெற்றிடம்.

என்னைக் கேட்டால், இந்தப் பகுதிக்கு இடைத்தரகரே தேவையில்லை. 'லுவார் ஆ வெலோ' சுமார் 900 கிலோமீட்டர் பாதை, திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருக்கிறது. புளுவா, அம்புவாஸ், தூர் எல்லாவற்றுக்கும் ரயில். ஷெனொன்சோவில் ரயிலைவிட்டு இறங்கினால் கோட்டை வாசலுக்கு நடந்தே போய்விடலாம். அம்புவாஸில் தங்கிக்கொண்டு நேரடியாக ஒரு கடையில் சைக்கிள் எடுத்து, தினம் ஒரு பக்கம் போய்வந்தால் பெட்டி சுமக்கும் பிரச்சினையே வராது. ஞாயிறு காலை நதிக்கரைச் சந்தையைத் தவறவிடாதீர்கள். கோட்டை டிக்கெட்டை அந்தந்தக் கோட்டையின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். ஷெனொன்சோவின் வளைவுகளைப் பார்க்க மட்டும் ஆசை என்றால், ஷேர் ஆற்றின் தென்கரையில் இருக்கும் பாதை பொதுவழி, காசு கிடையாது. லுவார் ஆழமில்லாத மாதிரி மணல்திட்டு காட்டும். நீரோட்டம் ஆபத்தானது, பிள்ளைகளைக் குளிக்க இறக்காதீர்கள்.

மீதிப் பணம் பற்றி ஏதாவது தெரிந்தால் இங்கேயே சேர்க்கிறேன். இதே ஆளிடம் மாட்டியவர் யாராவது இருந்தால், ரசீதையும் வவுச்சரையும் தூக்கி எறியாமல் நீங்களும் சிக்னல்கோன்சோவில் ஒரு புகார் போட்டுவையுங்கள்.