கல்யாண நாளுக்குச் சிங்கப்பூரா, பினாங்கா, கொழும்பா? ஒரு தண்டையார்பேட்டைக் கணக்கு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான் காசு, போவது புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், போவதும் சாப்பிடத்தான் என்றால் பினாங்கு. அதற்கு அடுத்துதான் சிங்கப்பூர். சனி ஞாயிறோடு ஒரு நாள் லீவு ஒட்டி வந்தால் கொழும்பு. நண்டு சாப்பிட மட்டும் எங்கேயும் போக வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது தண்டையார்பேட்டைக் கணக்கு. காசிமேட்டு மீனைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணா நகர், அடையாறு ஆட்களுக்கு வேறு கணக்கு வரலாம். எனக்கு மீன், இறால் இருந்தால் போதும். என் வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கறி இல்லாமல் சோறு இறங்காது. மாடு, பன்றி இரண்டு பேரும் தொடமாட்டோம். வெளிநாட்டில் தட்டைக் கையில் எடுக்கும் முன்பே இந்தப் பிரச்சினைதான் வந்து நிற்கும்.

போய்ச் சேருவதில் பெரிய வித்தியாசமில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு வடசென்னைக்காரர்களுக்கு ஏர்போர்ட் தூரம் என்ற பேச்சே போய்விட்டது. கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம் போலப் பறந்தால் போதும், சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பினாங்குக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் 2024 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்கு முன் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறித்தான் போக வேண்டும். சிங்கப்பூருக்கு ஏஜென்ட் மூலம் விசா எடுக்கணும். பினாங்கு இருக்கும் மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு 30 நாள் வரை விசா இல்லை, வருகை அட்டையை மட்டும் ஆன்லைனில் நிரப்பணும். இது காலக்கெடு வைத்த சலுகை, டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம்.

சிங்கப்பூரின் பெருமை ஹாக்கர் சென்டர்கள். தெருக்கடைகளை எல்லாம் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்து, தண்ணீரும் கழிவுக் குழாயும் கொடுத்து உட்கார வைத்தார்கள். நாடு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2020ல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டுக்கே அங்கீகாரம் கொடுத்தது. சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஹலால் கடையில் அதற்கான அட்டை மாட்டியிருக்கும், தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்கும் தனி. எங்களை மாதிரி ‘இது வேண்டாம், அது வேண்டாம்’ ஆட்களுக்கு ரொம்ப வசதி. லாவ் பா சாட் என்ற ஹாக்கர் சென்டருக்குப் பக்கத்துத் தெருவைச் சாயந்திரம் வண்டி போகாமல் அடைத்துவிட்டுக் கரி அடுப்பில் சாத்தே (குச்சியில் குத்திய கறி) சுடுவார்கள். புகையும் வேர்க்கடலைச் சட்னியுமாக அது நல்ல ராத்திரி.

ஆனால் ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஹாக்கர் சென்டரில் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. கூட்ட நேரத்தில் ஒருவர் மேசையைக் காவல் காக்கணும், ஒருவர் வரிசையில் நிற்கணும். உள்ளூர்க்காரர்கள் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பாக்கெட்டை நம்பி இடத்தை விட்டுப் போக எங்கள் ஊர்ப் புத்தி விடாது. அவர் சிக்கன் ரைஸ் வாங்கி வருவார், பிறகு நான் போய் என்னுடையதை வாங்கி வருவேன், அதற்குள் அவருடையது ஆறிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தும் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு எழுந்ததுதான் மிச்சம். சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்கணும், 2021லிருந்து வைக்காவிட்டால் அபராதம் வரை போகும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்ம ஊரில் வந்தாலும் நல்லதுதான்.

‘கல்யாண நாளாச்சே’ என்று அங்கே மொட்டைமாடி உணவகம் ஒன்றில் மேசை பதிவு செய்து போனோம். விளக்கு அழகு, கீழே தெரிந்த ஊர் அழகு. தட்டு மட்டும் பெரிசு, அதன் நடுவில் மீன் இரண்டு விரல் அகலத்துக்கு இருந்தது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகை மேல் 9 சதவீத வரி. 100 டாலருக்குச் சாப்பிட்டால் 119.90 கட்டணும். வெளியே வந்ததும் “இன்னாம்மா, வவுறு ரொம்புச்சா?” என்றார். “எங்கங்க ரொம்புது, வாங்க” என்று தேக்கா மார்க்கெட் பக்கம் பரோட்டாவுக்கு நடந்தோம்.

பினாங்கில் இந்த மேசைத் தொல்லையே கிடையாது. ஜார்ஜ் டவுன் 2008லிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். நமக்கு அதைவிட முக்கியம், அந்த ஊர்ச் சமையலில் பாதி நம்ம ஆட்கள் கைப்பக்குவம். நாசி காண்டார் என்பது தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் தூக்கிக்கொண்டு துறைமுகக் கூலிகளுக்கு விற்றது. இன்று கடையாகிவிட்டது. 1907லிருந்து நடக்கும் ஹமீதியா இன்னமும் இருக்கிறது.

அந்தத் தட்டு தயாராவதைப் பார்க்கவே நிற்கலாம். சோற்றைக் கொட்டி, முழு வெண்டைக்காய் இரண்டு, பாதி உப்பு முட்டை, அவருக்கு ஆட்டுக்கறி, எனக்குக் கணவாயும் ஒரு துண்டு மீன் சினையும் வைத்தார் கடைக்காரர். அப்புறம்தான் வேலையே. ஒரு பாத்திரத்தில் கரண்டியை விட்டு ஊற்றுகிறார், அடுத்ததில் கொஞ்சம், அதற்கடுத்ததில் மேலாக நிற்கும் எண்ணெயை மட்டும். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் சோற்றுக்கடியில் கலந்து ஒரு சுவை வருகிறதே, அது எந்தப் பாத்திரத்திலும் இல்லாத சுவை. நாலைந்து குழம்பில் ஒன்று மாட்டுக்கறிக் குழம்பாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழிலேயே சொல்லலாம். எங்களுக்குப் போட்டவர், “ஆட்டுக் கொழம்பும் மீன் கொழம்பும் போதுமாக்கா?” என்று கேட்டுத்தான் ஊற்றினார்.

ஆசம் லக்சாவில் நாங்கள் இரண்டு பட்டோம். புளித்த மீன் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசித் துண்டு, கறுப்பான இறால் கூழ். எனக்குக் கிண்ணத்தை வழித்துக் குடிக்கத் தோன்றியது. அவர் அன்னாசியைப் பொறுக்கித் தள்ளி வைத்துவிட்டு, “கொழம்புல எதுக்கு ஃப்ரூட்டு?” என்றார். பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் நின்றபடியே செண்டோல் (தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் போட்ட ஐஸ் பானம்) குடித்ததில் மறுபடி ஒன்று சேர்ந்தோம். காசும் கட்டுப்படியாகும். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும், பினாங்குக் கடைகளில் விலையும் குறைவு.

கொழும்பைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். கடற்கரையை ஒட்டிய காலி முகத்திடலில் சாயந்திரம் இஸ்ஸோ வடை: பருப்பு வடை மேல் தலையும் ஓடுமாக முழு இறாலைப் பதித்துப் பொரித்தது. கடல் காற்று இலவசம், ஆனால் மெரினாவை வாசலில் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிசில்லை. அங்கே கொத்து ரொட்டியில் முட்டைக்கோஸும் லீக்ஸும் போட்டுக் கொத்துகிறார்கள். சால்னா ஊறிய நம்ம கொத்து பரோட்டாதான் மேல் என்பது என் கட்சி. கட்டாயம் சாப்பிட வேண்டியது லம்ப்ரைஸ். பர்கர் என்று சொல்லப்படும் டச்சு வம்சாவளி மக்களின் சமையல், கறிச்சாறில் வெந்த சோறு, கத்தரிக்காய் மோஜு, சீனி சம்பல் எல்லாம் வாழை இலையில் கட்டி ஓவனில் வைத்தது. இலையைப் பிரித்ததும் ஆவியோடு வரும் வாசனைக்கே டிக்கெட் காசு கொடுக்கலாம்.

இப்போது நண்டு. கொழும்பின் பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் சமையல்காரர் தர்ஷன் முனிதாசவுடன் கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 2011ல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஆஃப் கிராப், அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை எடை பார்த்து நண்டு விற்கிறது. சிங்கப்பூரில் சில்லி கிராப். அதன் கதை எனக்குப் பிடிக்கும். அவித்த நண்டு அலுத்துப்போன கணவருக்காகச் செர் யாம் தியான் என்ற அம்மா தக்காளி சாஸும் மிளகாய் சாஸும் போட்டுச் செய்து பார்த்தது, 1956ல் தள்ளுவண்டி வியாபாரமாகி, அப்புறம் உணவகமாகியது. கதை பிடித்த அளவுக்குக் குழம்பு பிடிக்கவில்லை. இனிப்பு தூக்கல். “தக்காளித் தொக்குல நண்டப் போட்ட மாரி கீது” என்றார் இவர்.

நண்டுக்கு நம்ம வீடுதான். பழவேற்காடு ஏரி நண்டு, கொடுக்கைக் கயிற்றால் கட்டி உயிரோடு வரும். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்குதான் அது. கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறி கனமாக இருந்தால் சதை நிறைய. சின்ன வெங்காயம், இடித்த மிளகு, பூண்டு, கடைசியில் ஒரு கை கறிவேப்பிலை. தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து ஓட்டை உடைத்து உறிஞ்சும் சுகம், வெள்ளைத் துணி விரித்த மேசையில் வராது.

நூடுல்ஸுக்கும் நம்ம ஊர்தான்: பர்மா சாப்பாடு விற்கும் செகண்ட் லைன் பீச் தெரு. 1962ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அத்தோ என்ற அந்த நூடுல்ஸைப் போடுபவர் கரண்டி தொடுவதில்லை. செம்மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி, நொறுக்கிய பேஜோ (பொரித்த தட்டை) எல்லாம் ஒரு பாத்திரத்தில், ஐந்து விரலால் ஒரு பிசை. பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து பூண்டும் வெங்காயமும் அடைத்துத் தருவதை ஒரே வாயில் போட்டுக்கொள்ளணும். இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டாலும் சிங்கப்பூரில் ஒரு சிக்கன் ரைஸ் காசுதான் ஆகும். மேசைக் காவல் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்தே நிற்கலாம். சவுகார்பேட்டை மின்ட் தெருவும் பக்கம்தான். அதைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் பேசியாகிவிட்டது, ஜிலேபி மட்டும் சூடாக இருக்கும்போது சாப்பிடுங்கள்.

பயணத்தை எப்போது வைக்கலாம் என்று கேட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டாலே கை பையை மூடிக்கொள்ளும். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். மே கடைசி வாக்கில் போனால் பினாங்கில் பாலிக் புலாவ் துரியன் வரத் தொடங்கியிருக்கும். அவர் தின்பார், நான் பத்தடி தள்ளி நிற்பேன். பெரும்பாலான ஓட்டல்களில் அதை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், தெருவிலேயே தின்று முடித்துவிட்டு வரட்டும்.